பூதத்திடம் வாங்கிய கயிறு

அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் தையல்கடையில் விளையாட வரும் பிள்ளைகளுக்கு அவள் ‘பூட்டு’. அவள் கைக்குப் போன காசு வெளியே வராது என்பதால் வந்த பெயர்.

வாரா வாரம் விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மூன்று பேர் அந்தக் கடைக்கு ஓடி வருவார்கள். பூட்டு, அவள் வகுப்பில் படிக்கும் நெட்டை, நெட்டையின் தங்கை வாண்டு. விளையாட்டை நடத்துவது தையல்காரரின் மகள் கதையக்கா. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டுக் குரலில் பேசுவாள்.

துணி வெட்டும் பெரிய மேசைதான் அவர்கள் உலகம். துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் கதையக்கா அதில் காடு, ஆறு, குகை எல்லாம் வரைவாள். ஆளுக்கொரு வீரர், வீரருக்கொரு தாள். தன் வீரர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் நினைத்தது நடக்கும். அதற்குக் குறைந்தால் அம்போ.

விளையாட்டில் பணமும் உண்டு. ஒரு பித்தளைப் பொத்தான் என்றால் ஒரு பொற்காசு. மூவருக்கும் பொதுவாக ஒரு மிட்டாய் டப்பாவில் அறுபத்தொன்பது பொத்தான்கள் இருந்தன. முதலில் டப்பா நெட்டையிடம்தான் இருந்தது. அவன் ஒரே நாளில் இறகு வைத்த தொப்பி மூன்று வாங்கிவிட்டான். அன்றே டப்பா பூட்டின் கைக்கு மாறியது.

“ஒரு பொத்தான் குறைஞ்சாலும் உங்க ராஜா, மந்திரி எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சிடுவேன்” என்பார் தையல்காரர், இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அன்று வீரர்கள் குகைக்குப் புறப்படும் நாள். அதற்கு முன் சாமான் வாங்க வேண்டும். கதையக்கா ஒரு துணித்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடைக்காரர் ஆனாள்.

“வாங்க, வாங்க! விளக்கு இருக்கு, கயிறு இருக்கு, கூடாரம் இருக்கு. என்ன வேணும்?”

“விளக்கு என்ன விலை?” என்று கேட்டாள் பூட்டு.

“அஞ்சு காசு.”

“ரெண்டு.”

“அம்மா தாயே, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு!”

“சரி, மூணு. எண்ணெயும் சேர்த்து.”

கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே விளக்கைக் கொடுத்தார். அடுத்து ஒரு காசுக்கு ரொட்டி. பிறகு பூட்டின் வீராங்கனைக்கு மட்டும் ஒரு தோல் பட்டை, இரண்டு காசு. பணப்பையை இறுக்கிக் கட்டிக்கொள்ள அது வேண்டுமாம்.

“கயிறு?” என்றார் கடைக்காரர். “மூணே காசு.”

“வாங்கிடலாம்” என்றான் நெட்டை. “குகைக்குப் போறோம். கயிறு இல்லாம எப்படி?”

“குகைக்குத்தானே போறோம், மலைக்கா போறோம்? வேணாம்.”

“டப்பா நிறைய காசு இருக்கே!”

“இருந்தா? உடனே செலவு பண்ணிடணுமா? பின்னாடி பெரிய செலவு ஏதாவது வரும்.”

“அப்ப ஒண்ணு பண்ணு. பூதம் வந்தா டப்பாவைக் குலுக்கிக் காட்டு. பயந்து ஓடிடும்.”

பூட்டு அதைக் காதில் வாங்கவில்லை. டப்பாவை மூடி ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். அறுபத்து மூன்று பொத்தான்கள் கலகலத்தன. அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஏனோ தைரியமாக இருக்கும்.

வாண்டு இந்தச் சண்டையைக் கவனிக்கவே இல்லை. தன் வில்வீராங்கனையின் காலணிக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக வரைந்து வரைந்து அழித்து, அவள் உண்டாக்கிய முதல் வீராங்கனை அது.

குகைக்குள் நுழைந்ததும் வாண்டுவுக்குக் கால் நிற்கவில்லை. “நான் முன்னாடி ஓடுறேன்!” என்று கத்திவிட்டுப் பகடையை உருட்டினாள்.

ஒன்று விழுந்தது.

“தொபுக்கடீர்!” என்றாள் கதையக்கா. “தரையில ஒரு பெரிய குழி. உன் வீராங்கனை உள்ள விழுந்துட்டா. அடி எதுவும் படலை. ஆனா குழிக்குள்ள தண்ணி ஊறுது.”

அவள் அளவு நாடாவை எடுத்து மேசைமேல் நீட்டினாள். “வாண்டு, உன் வீராங்கனை உயரம் என்ன?”

“நாப்பது அங்குலம்.”

“தண்ணி இப்ப பத்து அங்குலம். நீங்க ஒவ்வொரு வேலை செய்யறப்பவும் பத்துப் பத்தா ஏறும். நீச்சல் தெரியுமா அவளுக்கு?”

“எனக்கே தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் வாண்டு. குரல் உள்ளே போய்விட்டது.

எல்லோருடைய கண்ணும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பிக்குப் போனது. பழைய ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி அது. விளையாட்டில் செத்துப்போன வீரர்களின் தாள்களையும் அதில்தான் குத்துவார்கள். நெட்டையின் வீரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே தொங்கினார்கள்.

“என் ஈட்டியை நீட்டுறேன்! பிடிச்சுக்க!” என்றான் நெட்டை. பகடையில் நான்கு விழுந்தது.

“எட்டலை. தண்ணி இருபது.”

“மேல்சட்டை எல்லாத்தையும் கழட்டி முடிச்சுப் போடுறோம்!” என்று பூட்டு உருட்டினாள். மூன்று.

“முடிச்சு அவிழ்ந்துடுச்சு. முப்பது.”

வாண்டு தன் தாளை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் அழவில்லை. அழாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பூட்டு அதைப் பார்த்தாள். மூன்று காசு. வெறும் மூன்று காசு. அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

அப்போது கதையக்காவின் குரல் கரகரவென்று மாறியது. “யாருடா அது என் வீட்டுல கூச்சல் போடுறது? தூங்க விடமாட்டீங்களா?”

“என்னது அது?” என்றான் நெட்டை.

“பூதம். உங்க சத்தத்துல முழிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஆறடி உயரம். கையில தடி. தொளதொளன்னு ஒரு கால்சட்டை. அது விழுந்துடாம இடுப்புல ஒரு கயிறை நாலு சுத்து சுத்திக் கட்டியிருக்கு.”

“வெட்டுறேன்!” நெட்டை பகடையைப் பிடித்தான்.

பூட்டு அவன் கையைப் பிடித்தாள். “இருடா! ஒரே வெட்டுல விழுற பூதமா அது? சண்டை முடியறதுக்குள்ள வாண்டு முழுகிடுவா.” பிறகு கதையக்காவை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள். “அண்ணே, அந்தக் கயிறு என்ன விலை?”

தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. தையல்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பூதத்துக்கு இதுவரை யாரும் விலை கேட்டதில்லை போலிருந்தது. அது தலையைச் சொறிந்தது. “விக்கிறதுக்கு இல்ல. இதைக் கொடுத்துட்டா என் மானம் என்ன ஆகுறது?”

“என் தோல் பட்டையைத் தரேன். புதுசு. கயிறைவிட நல்லா நிக்கும். நீங்க திரும்பிக்கிட்டு மாத்திக்கங்க, நாங்க பாக்க மாட்டோம்.”

பூதம் பட்டையை இழுத்துப் பார்த்தது. “பட்டையும் வேணும். காசும் வேணும். எவ்வளவு வெச்சிருக்கே?”

எந்தக் கடையிலும் பூட்டு பதில் சொல்லாத கேள்வி அது. கேட்டால் பையைப் பின்னால் மறைத்துக்கொள்வாள். கையில் இருப்பதில் பாதியைக்கூடச் சொல்லமாட்டாள். விலையைக் குறைக்கும் வித்தை அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. நெட்டைக்கும் அது தெரியும். அவன் அவளையே பார்த்தான்.

“அறுபத்து மூணு” என்றாள் பூட்டு. டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். பொத்தான்கள் குகைக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் உருண்டு ஓடின. “எல்லாத்தையும் எடுத்துக்கங்கண்ணே. சீக்கிரம் கயிறைக் கொடுங்க. அவ எங்க தங்கச்சி.”

கதையக்கா ஒரு நொடி சொந்தக் குரலில் பேச வாய் திறந்தாள். பிறகு மறுபடி பூதமானாள். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? தள்ளுங்க, தள்ளுங்க. உங்க கைக்கெல்லாம் பலம் பத்தாது. நானே இழுக்கிறேன்.”

“பகடை உருட்டணுமா?” என்றாள் வாண்டு மெல்ல.

“ஆறடி பூதம் இழுக்குது. பகடை எதுக்கு? மேல வந்துட்டே. காலணிக்குள்ள மட்டும் ஒரு தவளை இருக்கு.”

வாண்டு ஸ்டூலிலிருந்து எகிறிக் குதித்தாள். நெட்டை அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியதில் இரண்டு பேரும் துணி மூட்டைமேல் விழுந்தார்கள்.

“பொத்தான் ஜாக்கிரதை!” என்று அதட்டினார் தையல்காரர். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

பூட்டு காலி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. எப்போதையும்விட நிம்மதியாக இருந்தது.

“அடுத்த வாரம் விளக்குக்கு எண்ணெய் வேணுமே. என்ன பண்றது?” என்றான் நெட்டை.

“சம்பாதிப்போம்” என்றாள் பூட்டு. “பூதத்துக்கிட்ட ஏதாவது வேலை இருக்கான்னு கேப்போம். அது நம்ம ஆளுதானே இப்ப!”

புதிதாக வாங்கிய பொருளைத் தாளில் எழுத வேண்டும். கயிறு யாரிடம் இருக்கட்டும் என்று கதையக்கா கேட்டதற்கு, பூட்டும் நெட்டையும் ஒரே குரலில் ‘வாண்டுகிட்ட’ என்றார்கள். வாண்டு நாக்கை மடித்துக் கடித்தபடி, பச்சைக் காலணிப் படத்துக்குக் கீழே ‘கயிறு’ என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், விலை எழுத வேண்டிய கட்டத்தில், ஒரு சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘எல்லாம்.’