மூன்றாம் தொட்டியின் உறை

வைரக்கண்ணு நாக்கில் வைத்த துளி புளிக்கவில்லை.

கடற்கரையிலிருந்து வரும் இறால் ஓட்டை வெல்ல நீரில் கொட்டி, கிருமியைக் கலந்து மூடினால், நான்காம் நாள் தொட்டி புளிக்க வேண்டும். கிருமி சுரக்கும் நொதி ஓட்டில் ஒட்டிய சதையைக் கரைத்துவிடும். மிஞ்சும் வெள்ளைச் செதில் புண்ணுக்குப் போடும் பட்டையாகும்; வடிநீர் நெல்லுக்கு உரமாகும். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்குள் இருந்த அந்தக் கொட்டகையின் ஆறு தொட்டிகளையும் ருசித்துப் பார்ப்பது மேற்பார்வையாளனான அவனுடைய அன்றாட வழக்கம். இன்று ஆறும் கரித்தன. வாய்க்குள் கண்ணீர் இறங்கினால் கரிக்குமே, அப்படி.

"ஊறுகாய் வேணுமா சார்?" என்று வாசலிலிருந்து சிரித்தாள் ஓடு அலசும் பர்வின். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஈஸ்வரி அக்கா மக கேட்ல நிக்குது. காலையிலேர்ந்து பட்டினி. நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன். ஒரு வார்த்தை உண்மையா பேசிட்டு வாங்களேன்."

கேட்டருகே நின்ற ஈஸ்வரியின் மகள் கனிமொழி அவனைக் கண்டதும் கைகூப்பினாள். "ஒண்ணே ஒண்ணு சார். அம்மா தொட்டியில விழுந்தப்ப கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. மயக்கம் போட்டு விழுந்தாங்க. சத்தமே வரல."

அவள் தலையாட்டினாள். நம்ப முயல்கிறவளைப் போல.

ஈஸ்வரி கூப்பிட்டாள். போன மாதம், மூன்றாம் தொட்டியின் விளிம்பைச் சுரண்டும்போது வழுக்கி விழுந்தவள், அடி வால்வைத் திறக்கச் சொல்லிக் கதறினாள். திறந்திருந்தால் நீர் வடிந்து அவளுக்குக் கால் எட்டியிருக்கும். நன்றாக விளைந்த கிருமியும் சாக்கடைக்குப் போயிருக்கும். அவன் கயிறு தேடப் போனான். திரும்பியபோது நீர் அசையவில்லை. அவளைத் தூக்கிய பிறகும் அதைக் கொட்ட மனமில்லாமல், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, அதிலிருந்தே மொண்டு மற்ற தொட்டிகளில் ஊற்றினான்.

உச்சி வெயிலில் தகரக் கூரை சடசடக்க, இறால் வாடையும் வெல்ல வாடையும் சேர்ந்து தொண்டையில் கோழையாகப் படிய, அவன் கொட்டகைக்குள் திரும்பியபோது, ஆறு தொட்டிகளும் ஒரே நேரத்தில் மூச்சு இழுப்பதுபோல மெல்லக் குமிழியிட்டன. நின்றன. மறுபடி இழுத்தன.

எல்லாவற்றையும் வடித்துவிடலாம். இப்போதே.

மூன்றாம் தொட்டியின் வால்வைத் திருகினான். ஒரு சொட்டும் வரவில்லை. இன்னும் திருகினான். தொண்டைக்குள் ஏதோ நகர்ந்தது. மெல்லியது. நீளமானது. இருமினான். அது மேலே ஏறியது.

பர்வினைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"வால்வைத் திறங்க சார்!"

ஈஸ்வரியின் குரல்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் பீறிட்டது. "கால் எட்டல சார்! சார்!"

வெளியே செருப்புச் சத்தம். ஓடி வரும் சத்தம்.

"அம்மா?"

கனிமொழி உள்ளே வந்தாள். தொட்டிகளைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தாள். அவன் கைகள் தாமாகக் கீழிறங்கின. கதறல் நின்றது. அவன் நாக்கு, அவன் கேட்டறியாத கனிவோடு புரண்டது.

"சாப்பிட்டியாடா கண்ணு?"

அவன் கடைவாயின் இரு புறமும் கிழித்துக்கொண்டு, இறால் மீசைபோல இரண்டு செந்நிற இழைகள் நீண்டன. காற்றில் துழாவின. கனிமொழியின் கன்னத்தைக் கண்டுபிடித்து, மெல்ல, மெல்லத் தடவின.

அவள் விலகவில்லை.