ஐந்தாவது பரிமாணத்தில் ஓர் ஈர்க்கு

அந்தக் கொட்டிலுக்குள் நிரோஜினி ஓடி ஏறியது மழைக்காகத்தான். அதில் யாரும் குற்றம் காண முடியாது. ஆனால் மழை விட்ட பிறகும் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றாளே... அதற்கு என்ன சொல்வது?

திருகோணமலை உட்துறைமுக வீதியில், வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற தகரக் கொட்டில் அது. உள்ளே ஒருவன் எஞ்சின் ஒன்றைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்ப் பரலுக்குள் இறக்கி ஓடவிட்டிருந்தான். எஞ்சினின் விலாவில் ஒரு சின்னத் துவாரம். அதிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று வளைந்து பாய்ந்தது. கண்ணாடிக் கம்பி மாதிரி வந்து, பரலைத் தொடுமுன் இலேசாக நெளிந்தது. அடடா... இன்னும் கொஞ்சம் மெலிந்தால் முடிச்சு முடிச்சாகி உடைந்துவிடுமே! இரண்டு வருடமாகக் காகிதத்தில் தேடிய ஒன்று இங்கே சும்மா ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்னைப் பாக்கிறீங்களோ, எஞ்சினைப் பாக்கிறீங்களோ?" என்று கேட்டான் அவன்.

"ரெண்டும் இல்ல. தண்ணியைப் பாக்கிறன்."

அவன் சிரித்தான். கன்னத்தில் கறுப்பு ஒயில் பூசியிருந்த அந்த முகத்தில் கண்கள் மட்டும் கழுவிவிட்டது போல இருந்தன. பெயர் துவாரகன் என்றான். அவள் தான் கம்பஸில் பௌதிகவியல் படிப்பிப்பதாகவும், கருந்துளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகவும் சொன்னாள். இதைக் கேட்டதும் ஆட்கள் வழக்கமாகக் கதையை மாற்றிவிடுவார்கள். இவனோ எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான்.

எங்கள் உலகத்தில் கருந்துளை உருண்டையாகத்தான் இருக்கும் என்று விளக்கினாள். காலத்தையும் சேர்த்து நாலு பரிமாணம் நமக்கு. கூட ஒரு திசை, ஐந்தாவதாக, இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கருந்துளைக்கும் புதுப் புத்தி வந்துவிடும். உழுந்து வடை போல வளையமாகும், நீளக் கம்பியாகவும் கிடக்கும். ஆனால் மெல்லிய கம்பியாக நிம்மதியாய்க் கிடக்க அதற்கு ஏலாது. தானாகவே முடிச்சு விழுந்து, உருண்டை உருண்டையாகப் பிரியப் பார்க்கும், சற்றுமுன் பாய்ந்த தண்ணீர்த்தாரையைப் போல.

துவாரகன் எஞ்சினின் துவாரத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "நானும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் பாக்கிறனான், மிஸ். தண்ணி துளியாய் வந்தால் பம்ப் போச்சு, எஞ்சின் கொதிச்சுச் செத்துப்போகும். நான் உடையக் கூடாதெண்டு பாக்கிறன்... நீங்கள் உடைய வேணுமெண்டு பாக்கிறீங்கள்."

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஐப்பசி மழை நல்ல சாட்டு. நாலாம் நாள் அவன் ஸ்குறூவைத் திருகிக்கொண்டே, அந்த முடிச்சுகளுக்கு நடுவில் இருக்கிற நூல் கடைசியில் அறுமோ என்று கேட்டான். நிரோஜினியின் மாணவர்கள் கேட்பதெல்லாம் இது சோதனைக்கு வருமா என்பதுதான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அன்றுதான் அந்த விளையாட்டு. துவாரகன் பிளேன்டீ வாங்கப் போன நேரம், விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் துவாரத்துக்குள் செருகினாள். தாரை மெலிந்தது... நெளிந்தது... முத்து முத்தாய் உதிர்ந்தது. முத்துகளுக்கு நடுவே குட்டி முத்துகள்! கைதட்டாத குறை. அதே நேரம் மேற்பார்வைப் பேராசிரியரின் தொலைபேசி அழைப்பு. கதைத்தபடியே வீதிக்கு வந்தவள் பஸ்ஸும் ஏறிவிட்டாள். ஈர்க்கு உள்ளேயே கிடந்தது.

மறுநாள் பின்னேரம் வந்தபோது, துளியாய் வந்த தண்ணீரைப் பார்த்துத் துவாரகன் கழற்றிய பம்ப் துண்டு துண்டாய்ச் சாக்கில் கிடந்தது. இறக்கக்கண்டி மீனவர் முனாஸின் எஞ்சினாம். அறக்குளா மீன் கரைக்குக் கிட்ட வந்த விடியற்காலையில் அவருடைய வள்ளம் மட்டும் எஞ்சின் இல்லாமல் கரையில் நின்றதாம். தொழில் தெரியாதவன் என்று எல்லோர் முன்னிலும் ஏசிவிட்டு, இறக்கக்கண்டியிலிருந்து இனி ஓர் எஞ்சினும் வராது என்று சொல்லிப் போய்விட்டார். அந்தத் துவாரத்தைத் துவாரகன் முதல்நாள் காலையில்தான் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருந்தான். ஆகவே அங்கே பார்க்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. ஆனால் அவள் வாயே அவளுக்கு எதிரி. முந்தாநாள்தானே, உற்றுக் கவனிப்பதுதான் எங்கள் தொழில் என்று பெருமை பேசியிருந்தாள். படிப்பிக்கிறவள் விளக்குமாற்று ஈர்க்கால் ஒருவனின் பிழைப்பில் மண் போட்டாள் என்று எப்படிச் சொல்வது? தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. சோறு இறங்கவில்லை, சமன்பாடு ஓடவில்லை. கண்ணை மூடினால் ஒயில் பூசிய கன்னம்... அவனை இழந்துவிடுவேனோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. அது எப்படிப்பட்ட பயம் என்றும் அவளுக்கு விளங்கிவிட்டது.

நாலாம் நாள் காலை இறக்கக்கண்டிக்குப் பஸ் ஏறினாள். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே முனாஸைத் தேடிப் பிடித்து, எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"முனாஸ் நானா, அந்த எஞ்சினைப் பழுதாக்கினது நான். துவாரகனில ஒரு பிழையும் இல்ல."

ஈர்க்குக் கதையைக் கேட்டு முனாஸ் தாடியைத் தடவினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அவன் தன்ர பிழை எண்டுதானே சொன்னவன், தங்கச்சி," என்றார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இந்தச் சொல் அவளைக் குத்தியது.

கொட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட மறந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். துவாரகன் கோபப்படவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டினான். உள்ளே அந்த ஈர்க்கு.

"புதுப் பம்ப் போட்டும் தண்ணி துளியாய்த்தான் வந்தது. அப்பதான் துவாரத்தைக் குத்திப் பாத்தனான்."

"தெரிஞ்சும் ஏன் உங்கட பிழை எண்டு சொன்னீங்கள்?"

"உங்கட பேரைக் கரையில ஆரும் சிரிச்சுக் கதைக்கக் கூடாது எண்டுதான்."

அவளுக்குக் கண் கலங்கியது. இப்போது கரை முழுக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் சிரிக்கிறது, நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். துவாரகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். தகரத்தில் மழைச் சத்தம். பரலுக்குள் எஞ்சின் ஒன்று ஓட, தாரை உடையாமல் பாய்ந்தது.

"அப்ப... அந்த நூல் அறுமோ? நாளைக்குச் சொல்லுறன் எண்டனீங்கள்."

"மெலிஞ்சு மெலிஞ்சு போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு எங்கட சமன்பாடு ஒண்டும் சொல்லாது. உண்மையா எனக்குத் தெரியாது, துவாரகன்." முதல் தடவையாக அந்தச் சொல் அவளுக்கு இலேசாக வந்தது. அது வந்ததும் மற்றதும் தடையில்லாமல் வந்தது. "தெரிஞ்சது ஒண்டுதான். மழை இல்லாட்டியும் நான் இஞ்ச வந்திருப்பன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் காதுவரை சிவந்தான். கையைத் துடைக்கத் துணி தேடினான், கிடைக்கவில்லை. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்கு ஒன்றை முறித்து அவளிடம் நீட்டினான்.

"இது என்ர சொந்த எஞ்சின், நிரோஜினி. எவ்வளவு நாளெண்டாலும் தண்ணியை உடைச்சுப் பாருங்கோ... நானும் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."