பெரியப்பா சுவரில் ஓர் ஆணி

அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்திலேயே அந்த வீட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அப்படி ஒரு புகை! புகைபோக்கி வழியாக வெளியே போக வேண்டியது, போன வேகத்தில் திரும்பி வீட்டுக்குள் இறங்கிவிடும்.

அந்த வீட்டுச் சிறுமி மிளகுக்கு அது சொந்தப் பெயர் இல்லை. ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. ஆனால் புகை வந்துவிட்டால் அந்தக் காரமெல்லாம் கண்ணில்தான் இருக்கும்.

அவளாவது வாசலுக்கு ஓடிவிடுவாள். தம்பிக்கு இன்னும் நடக்கவே தெரியாது. தொட்டிலில் கிடந்தபடி இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடுவான். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று சத்தம் கேட்கும்.

"இந்தக் குழந்தையை இனிமே புகையில வைக்காதீங்க. இதுக்கு மேல இந்த நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா அன்றைக்கே தம்பியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னாள். "புகை நிக்கட்டும். அப்புறம் வரேன்."

வீட்டில் அப்பாவும் மிளகும் மட்டும் மிஞ்சினார்கள். நெருப்பு மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் எலும்பு வரைக்கும் குளிர். தம்பி இனி வரவே மாட்டானோ என்று மிளகுக்குப் பயமாக இருந்தது.

போன வருஷம் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பா மாடி கட்டிய பிறகுதான் வந்தது. அவர் கொத்தனார். தன் கையாலேயே கட்டிய மாடிச் சுவர், இவர்கள் புகைபோக்கியை ஒட்டி நெடுநெடுவென்று நின்றது. காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழே திரும்பும். திரும்பும்போது புகையையும் உள்ளே தள்ளிவிடும்.

"எல்லாம் வேணும்னே கட்டினதுதான்" என்றார் அப்பா. வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்பா தகர வேலை செய்பவர். பெட்டியும் வாளியும் செய்யும் தகரத்தை உருட்டி நீளமாக ஒரு குழாய் செய்தார். "இதைப் புகைபோக்கி மேல பொருத்தி, அந்தச் சுவத்தைவிட உசரமாத் தூக்கிட்டா, காத்தால ஒண்ணும் பண்ண முடியாது."

"இவ்ளோ உசரக் குழாய் தனியா நிக்குமாப்பா? பெரியப்பா சுவத்தோட சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கிட்டா..."

"அவன் சுவத்துல நான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்!"

கம்பியால் தன் கூரையிலேயே இழுத்துக் கட்டினார். அன்று புகை சமர்த்தாக மேலே போனது. மிளகு துள்ளிக் குதித்தாள். "அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"காலையில போகலாம்" என்றார் அப்பா.

காலையில் அவர்கள் செருப்பு மாட்டும்போது காற்று கிளம்பியது. கூரையில் 'மடார்' என்று ஒரு சத்தம். குழாய் சாய்ந்து ஓடுகளை நொறுக்கியது. உடைந்த ஓடுகள் சடசடவென்று தம்பியின் தொட்டிலுக்குள் விழுந்தன.

தொட்டில் காலியாக இருந்தது. அப்பாவும் மிளகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேற்றே அம்மா வந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல் மிளகு ஓவென்று அழுதாள். அப்பா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழுது முடித்த மிளகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

"உங்கப்பன் அனுப்பினானா?" என்றார் பெரியப்பா.

"அவருக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவார். பெரியப்பா, கொஞ்சம் மாடிக்கு வாங்களேன்."

"மாடியா? வா, நானே காட்டறேன். சுண்ணாம்பு அடிச்சுக் காயறதுக்குள்ள சுவர் பூராவும் கரி! என் சுவத்தைக் கெடுக்கணும்னே உங்கப்பன் ஈர விறகா எரிக்கிறான்."

மாடிச் சுவர் உண்மையிலேயே அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது.

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் போய் அடுப்பு மூட்டறேன். புகை எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க" என்று மிளகு ஓடினாள்.

அவள் இருமிக்கொண்டே திரும்பி வந்தபோது, பெரியப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புகை எழுந்தது, சுவரில் மோதியது, சுருண்டு மறுபடியும் புகைபோக்கிக்குள்ளேயே இறங்கியது.

"பாதி உங்க சுவத்துக்கு. பாதி தம்பி நெஞ்சுக்கு" என்றாள் மிளகு.

பெரியப்பா திரும்பினார். "சின்னவனுக்கு என்ன?"

டாக்டர் சொன்னது, அம்மா போனது, தொட்டிலில் ஓடு விழுந்தது எல்லாவற்றையும் மிளகு சொன்னாள். பெரியப்பாவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போனது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்கப்பனைக் குழாயோட கூரைக்கு ஏறச் சொல்லு. ஆனா என்கிட்ட பேச வேண்டாம்னு சொல்லிடு."

மிளகு போய்ச் சொன்னதும் அப்பா முதலில் முறைத்தார். அவள் தொட்டிலில் கிடந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தாள். கை நிறைந்ததும் அப்பா எழுந்து, நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தத் தொடங்கினார்.

அப்பா கூரையில், பெரியப்பா மாடியில். நடுவே ஒரு முழம்கூட இல்லை. இருந்தாலும் பேச்செல்லாம் மிளகு வழியாகத்தான் போனது.

"மிளகு, அந்த ஆளைக் குழாயை இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லு."

"மிளகு, சாய்ச்சாச்சுன்னு சொல்லு."

"சாய்ச்சாச்சாம் பெரியப்பா!" கத்திக் கத்தி மிளகுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

திடீரென்று மறுபடியும் காற்று. குழாய் வெளிப்பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்கப் போன அப்பாவின் கால் ஓட்டில் வழுக்கியது.

"அண்ணா, பிடி!"

பெரியப்பா அதற்குள் எட்டி ஒரு கையால் குழாயையும் ஒரு கையால் அப்பாவின் சட்டையையும் பிடித்திருந்தார். "பிடிச்சுட்டேன்டா. விடமாட்டேன்."

அப்பா தட்டுத் தடுமாறி எழுந்து குழாயை நிமிர்த்திப் பிடித்தார். அதன் பிறகு குழாயைச் சுற்றி இரும்புப் பட்டையை வளைத்து, பெரியப்பாவே தன் சுவரில் ஆணி அடித்தார். பூச்சு பெயர்ந்து பாளம் பாளமாக விழுந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உடைந்த ஓடுகளையும் மாற்றிய பிறகு, சாயங்காலம் மிளகு சித்தி வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தாள். வாசல்வரை வந்த அம்மா உள்ளே வராமல் நின்றாள். தம்பியைப் போர்வைக்குள் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"ஏன், இன்னும் அடுப்பு மூட்டலையா?" என்று கேட்டாள்.

"மூட்டி ரொம்ப நேரமாச்சும்மா" என்றாள் மிளகு. "தம்பியை உள்ள கொண்டு வா."