குழலுக்குள் நான்கு விரல்

கம்பி அடிவரை போகவில்லை.

அழகுமலை உருவி எடுத்து மறுபடி செருகிப் பார்த்தான். மருந்து கெட்டிக்கும் அந்த நீள மரக்கம்பி துப்பாக்கிக் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியைத் தொட நான்கு விரற்கடை இருக்கும்போதே எதன்மீதோ மெத்தென்று நின்றது. இரும்பில் மரம் முட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

சார்ஜா தொழிற்பேட்டையில் பதினோரு வருடமாகத் தச்சன் அவன். கதவு, கட்டில், அலமாரி எல்லாம் செய்தவனுக்குத் துப்பாக்கி புதிது. முதலாளி அம்மார் தன் வீட்டு மஜ்லிஸில், விருந்தாளிகளை உட்காரவைக்கும் கூடத்தில், சுவரில் மாட்டுவதற்காக, வாய்வழியே மருந்து கெட்டிக்கிற பழங்காலத் துப்பாக்கி ஒன்றைப் பாகம் பாகமாக வரவழைத்திருந்தார். குழல், பாதி செதுக்கிய வாதுமைக் கட்டை, விசை, பித்தளைத் தகடுகள், திருகுகள், ஒரு வரைபடம். பெட்டியைப் பட்டறை மேசையில் வைத்து, உடைந்த இந்தியில் சொன்னார்: வியாழக்கிழமைக்குள் கோத்துக் கொடு, அன்றைக்கே லீவுக் கடிதத்தில் கையெழுத்து.

குழலின் அடிமூடியைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான் அழகுமலை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் ஒரு தூசிகூட இல்லை. மூடியைத் திருகிவிட்டுக் கம்பியை விட்டான். மெத்தென்று நின்றது. குழல்வாய்க்கு நேராகக் கம்பியில் பென்சிலால் கோடு போட்டுவைத்தான்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கோடு குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

வெயில் கொளுத்துகிற அந்த இடைவேளையில் ஆட்களெல்லாம் ரூமுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். ரம்பங்கள் ஓய்ந்து, மரத்தூள் மெல்ல அடங்கி, தகரக் கூரை சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அவன் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். குழலிலிருந்து எண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. நெடுநேரம் தூங்கி எழுந்த மனுசனின் வாய் வாடை. குளிர்ந்த இரும்பில் ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தச் சூடு விசைக்குப் பக்கத்தில் இருந்தது. புதன்கிழமை பாதிக் குழலுக்கு ஏறிவிட்டது.

சாப்பிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்த சக தச்சன் பாஸ்கர் கேட்டான். "என்னண்ணே, அதையே மோந்து மோந்து பாக்குறீங்க?"

"எண்ணெ வாடை."

"கண்ணு செவந்து கெடக்குண்ணே. கொஞ்சம் படுங்க. அர்பாப்கிட்ட இன்னும் ரெண்டு நாள் கேட்டா என்ன?"

முதலாளியிடம் கேட்கலாம். கேட்டால் லீவு தள்ளிப்போகும். முந்தின நாள் சாயங்காலம்தான் மனைவி வசந்தகுமாரி போனில் சொல்லியிருந்தாள். "ஞாயித்துக்கெழம ஆபரேசன். நீங்க வந்து நின்னாத்தான் நான் படுப்பேன், சொல்லிப்புட்டேன்."

"வந்துருவேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீக."

பயப்படக்கூடத் தெம்பில்லை அவனுக்கு. ஊருக்கே போகாத மூன்று வருடத்து அலுப்பு எலும்பில் இறங்கியிருந்தது. குழல் அடைத்திருந்தால் என்ன? சுவரில் தொங்கப்போகிற துப்பாக்கிதானே?

வியாழக்கிழமை மத்தியானம் கம்பி ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. கடைசித் தகட்டைப் பொருத்தி, கட்டைக்கு மெருகு போட்டு, குழல்வாயைத் துடைக்கத் துணியை வைத்தான். துணி உள்ளே போனது. அவன் திணிக்கவில்லை. தானாகப் போனது. ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளங்கையை வைத்தான்.

ஏதோ உறிஞ்சியது.

மெதுவாக. பல்லில்லாத வாய்போல.

பிய்த்துக்கொண்டு கையை எடுத்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம். ஈரம்.

வெளியே வண்டி வந்து நின்றது. அம்மார் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "கலாஸ்?" முடிந்ததா என்று அரபியில் கேட்டார்.

"கலாஸ், அர்பாப்."

துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார். கட்டையின் மெருகைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். சொன்ன சொல் தவறாதவர். மேசைமேலேயே கடிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டு, அழகுமலையின் தோளைத் தட்டி, கையில் கொடுத்தார். பிறகு துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைக் குழல்வாய்க்குக் கொண்டுபோனார்.

அழகுமலையின் வாய் திறந்தது.

உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்னால் போதும். இந்தியில் சொல்ல வார்த்தை இருந்தது. சொன்னால் பிரிக்கச் சொல்வார். பிரித்துச் சரி செய்யும்வரை பயணம் இல்லை.

கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை.

"அர்பாப்..." என்றான். அவன் காதுக்கே கேட்கவில்லை.

அம்மாரின் முகம் குழல்வாயைத் தொட்டது. அப்படியே நின்றார்.

நிமிரவில்லை.

இரண்டு கைகளும் துப்பாக்கியை விட்டுவிட்டன. துப்பாக்கி விழவில்லை. தலைத்துணி நழுவித் தரையில் விழுந்தது. கைகள் பக்கத்தில் தொங்கின. விரல்கள் ஒருமுறை விரிந்தன. பிறகு அதுவும் இல்லை.

கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம் நின்றுபோனது.

குழலுக்குள் யாரோ விழுங்கினார்கள். நிதானமாக. ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழகுமலை பார்த்துக்கொண்டே நின்றான். அம்மாரின் குதிகால்கள் செருப்பைவிட்டு மெல்ல எழுந்தன. பிறகு கால்விரல்களும்.