சத்தமில்லாத கூப்பாடு

பர்ன்லி ஊர் மில் பெண்களுக்கு இரண்டு விதப் பேச்சு உண்டு. ஒன்று, நம்மைப்போல் சத்தமாகப் பேசுவது. இன்னொன்று, வாய் மட்டும் பேசுவது.

மில்லுக்குள் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடதடவென்று ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கத்தி என்ன பிரயோசனம்? அதனால் உதட்டை நன்றாக அகட்டி, குவித்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

டோரீனின் அம்மா ஆக்னஸ் அதில் பலே கெட்டிக்காரி. சாயங்காலம் வாசலில் நின்றபடி, எதிர்வீட்டு ஜன்னலில் இருக்கும் ஹெட்டி அத்தையோடு ஊர்க்கதை முழுவதையும் சத்தமில்லாமல் பேசி முடித்துவிடுவார். அத்தையும் தறி ஓட்டுபவர்தான். ரொம்ப ரகசியம் என்றால், தெருவில் போகும் மற்ற மில் பெண்கள் பார்த்துவிடாமல் கையால் வாயை ஒரு பக்கமாக மறைத்துக்கொள்வார்.

டோரீனுக்காக மட்டும் மறைத்ததே இல்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன புரியப்போகிறது?

அட, எல்லாம் புரிந்தது! கண்ணாடி முன்னால் நின்று, உதட்டைக் கோணி கோணிப் பழகி, டோரீன் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அம்மா அவள் முன்னால் பேசுவதையே நிறுத்திவிடுவாரே! அப்புறம் ஊர்க்கதைக்கு எங்கே போவது?

ஜூலை மாதம் வந்தது. ஒரு வாரம் மில்லுக்கு விடுமுறை. புகைபோக்கிகளில் புகை இல்லை. ஊரே பெட்டி படுக்கையோடு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது. ரயில் நிலையத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அத்தனை கூட்டம்!

டோரீன் வீட்டார் பிளாக்பூல் போகிறார்கள். அவர்கள் ரயில் இன்னும் வரவில்லை. எதிர் நடைமேடையில் ஸ்கார்பரோ ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது. அதில்தான் ஹெட்டி அத்தை போகிறார்.

"கிளிஃப் எங்கடி?" என்று திடீரென்று கேட்டார் அம்மா.

"அப்பாவோட கோட்டு நுனியைப் பிடிச்சிட்டு இருந்தானே!" என்றாள் டோரீன்.

"என் கோட்டு நுனியையா? இல்லையே!" என்றார் அப்பா. அவர் கையில் பெட்டி மட்டும்தான் இருந்தது.

ஐந்து வயதுத் தம்பியைக் காணோம். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"நான் வெயிட்டிங் ரூம்ல பார்க்கிறேன். நீங்க வாசல்ல பாருங்க. டோரீன், நீ இந்த பெஞ்சை விட்டு அசையக்கூடாது!"

டோரீன் பெஞ்சின் மேல் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் பழுப்புக் கோட்டு, சாம்பல் நிறத் தொப்பி. ஊரில் எல்லா அப்பாக்களும் ஒரே கடையில் வாங்கினால் வேறு எப்படி இருக்கும்?

அப்போதுதான் பார்த்தாள். எதிரே, ஸ்கார்பரோ ரயிலின் கடைசி ஜன்னலில் ஒரு மூக்கு கண்ணாடியில் அப்பிக்கிடந்தது. கிளிஃப்! வேறு யாரோ ஒருவரின் பழுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஏறிவிட்டிருக்கிறான். அழுது அழுது முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கிளிஃப்! இறங்குடா!"

கூட்டத்தின் இரைச்சலிலும் இன்ஜினின் சீற்றத்திலும் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேம்பாலம் ஏறிப் போவதற்குள் ரயில் போய்விடும். கார்டு பச்சைக் கொடியை விரித்துவிட்டார்.

அதே பெட்டியின் முதல் ஜன்னலில் ஹெட்டி அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். டோரீனுக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. ரகசியம் போனால் போகட்டும்!

கடலில் குளிக்கக் கொண்டுவந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினாள். அத்தை திரும்பினார். டோரீன் உதட்டை அகட்டி, குவித்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்:

"அத்தை! கடைசி ஜன்னல்ல நம்ம கிளிஃப்! தனியா இருக்கான்! இறக்கி விடுங்க!"

அத்தையின் கண்கள் விரிந்தன. உடனே உள்ளே திரும்பி உதட்டை அசைத்தார். நடுவில் இருந்த குண்டு அம்மாள் திரும்பி உதட்டை அசைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பெட்டி முழுக்க மில் பெண்கள் அல்லவா? செய்தி வாய்க்கு வாய் தாவிக் கடைசி ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கைகள் கிளிஃபைத் தூக்கின.

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது.

இறக்கினார்களா? இல்லையா? டோரீனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போயின.

கடைசிப் பெட்டியும் போனது.

காலி நடைமேடையில் போர்ட்டர் ஒருவரின் கையைப் பிடித்தபடி கிளிஃப் நின்றிருந்தான். இன்னொரு கையில் யாரோ கொடுத்த பெரிய ஜாம் ரொட்டி. அதை அவன் கர்மசிரத்தையாகத் தின்றுகொண்டிருந்தான்.

திரும்பி வந்த அப்பாவுக்கு டோரீன் கைகாட்ட, அவர் மேம்பாலத்தில் ஓடிப்போய் அவனைத் தூக்கி வந்தார். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், முத்தம் கொடுத்தார், முதுகில் ஒன்று வைத்தார். ஹெட்டி அத்தையிடம் சொல்லி இறக்கியதாக டோரீன் சொன்னதும் மகளிடம் திரும்பினார்.

"ஹெட்டிகிட்ட எப்படிடி சொன்னே?"

"உதட்டாலதான்."

"உனக்குத் தெரியுமா? எப்போலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

அம்மா யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "அப்போ போன வாரம், உன் பிறந்தநாளுக்கு நான் ஹெட்டிகிட்ட..."

"சைக்கிள்தானே? சிவப்பு கலர் வாங்கும்மா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆக்னஸ், இனிமே நம்ம வீட்டுல ரகசியமே கிடையாது போ!"

பிளாக்பூல் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. டோரீன் பெட்டியின் ஒரு மூலையில். அம்மா மறுமூலையில், மில் தோழிகளுக்கு நடுவில். நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது தோழிகளின் தலைகள் திரும்புவதிலேயே தெரிந்தது.

அம்மா நிமிர்ந்து டோரீனைப் பார்த்தார். இனிமேல் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளப்போகிறார் என்று டோரீன் நினைத்தாள்.

அம்மா மறைக்கவில்லை. அவளை நேராகப் பார்த்து, பெட்டியில் இருக்கும் அத்தனை மில் பெண்களுக்கும் தெரியும்படி, உதட்டை நன்றாக அகட்டிச் சொன்னார்:

"அதோ பாருங்க, அவதான் என் பொண்ணு!"