அவளுக்குக் கேட்காத சத்தம்

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கணவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. குமிழை இன்னொரு முறை திருகிவிட்டு, தலையை லேசாக ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு ஓட்டினார்.

“கேட்டுச்சா?”

“என்னது?”

“கிர்க்னு ஒண்ணு. அப்புறம் டக்குனு.”

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. என்ஜினின் கனத்த முனகல், டயருக்கடியில் நெரியும் ஜல்லி, கண்ணாடி இறக்கிய ஜன்னலில் வந்து மோதும் காற்று, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பது அவள் வேலை. வருகிறவர்களைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் கேட்காமல் போகிறது என்று பார்க்கிறவள். தன் காதின் மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு.

“பழைய வண்டி. ஏதாவது முனகத்தானே செய்யும்,” என்றாள்.

அவர் வேகத்தைக் குறைத்து மறுபடி காதைக் கொடுத்தார்.

அந்த வண்டி அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது அதுதான். யாரோ வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, சுரண்டி, மெருகேற்றி, மறுபடி பூட்டினார். அதோடு கூடவே மறுபடி சாப்பிட ஆரம்பித்தார், மறுபடி அவளைக் கேலி செய்ய ஆரம்பித்தார். அதனால் அந்தச் சத்தத்தை அவள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடக் கூடாது.

முதலில் கதவு என்றார். கீலுக்கு எண்ணெய் விட்டார், ஓர ரப்பருக்கு முகப்பவுடர் தடவினார். பிறகு டேஷ்போர்டு. அவர் மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். அழுத்தும்போது எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. மரப்பலகை, கண்ணாடி விளிம்பு, சாமான் வைக்கும் பெட்டி. எதை அழுத்தினாலும் நிற்கவில்லை என்றார்.

“நீ பின்னாடி போய் உக்காந்து கேளு,” என்றார் அடுத்த நாள்.

பின்னால் உட்கார்ந்தாள். சத்தமும் பின்னால் போய்விட்டது என்றார். சீட்டைத் தூக்கினார், ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் வைத்தார், தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். கூடம் முழுக்கப் பெட்ரோலும் கிரீஸுமாக நாறியது. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. முன்பு வாய் ஓயாமல் பேசியவர், அவள் பேச்சுக் கொடுத்தால்கூட விரலை உதட்டில் வைத்து அடக்கினார்.

தெருமுனை மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்ஜினில் வைத்துக் கேட்க ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர். அவரிடம் அவள் தனியாகப் போய், “ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் முன் சீட்டில் ஏறினார். அவள் பின்னால், இடது ஓரம். பாலத்து இறக்கத்தில் வண்டி குலுங்கியது. டாக்டர் கையை உயர்த்தினார்.

“இருக்கு சார். கேக்குது.”

“எங்க?”

“பின்னாடி. இடது பக்கம்.” சொல்லிக்கொண்டே திரும்பியவர், சீட்டைப் பார்த்தார், அவள் காலடியைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். சட்டென்று முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியவர் ஸ்டெதாஸ்கோப்பை சீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அதைக் கேட்டு அவர் வரவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் போன பிறகு, அந்தச் சின்ன அறைக்குள் அவளே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே கூட வேலை பார்க்கிறவள் பொத்தானை அமுக்கினாள். மிக மெல்லியதுகூடக் கேட்டது. ஒன்றையும் தவறவிடவில்லை.

“பாம்புக் காது அக்கா உங்களுக்கு,” என்றாள் அந்தப் பெண். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிக்கிக்குள் படுத்துக்கொள்கிறேன் என்று அவள்தான் சொன்னாள். வேறு வழி தெரியவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் ஈ மொய்க்கிறது. ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் முதுகை வைத்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். மூடி இறங்கியது. ரப்பரும் பழைய கம்பளமும் வேர்த்த இரும்புமாக ஒரு வாசனை மூக்கை அடைக்க, மூடியின் விளிம்பில் நூல் போல ஒளி கசிய, காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சக்கரம் சுற்ற, பெட்ரோல் டாங்கியில் பெட்ரோல் தளும்புவதும், புகைக்குழாய் சூட்டில் பொடுபொடுவென்று நெளிவதும், எங்கோ ஒரு கூழாங்கல் அடித்தகட்டில் பட்டுத் தெறிப்பதும், எல்லாமே அவளுக்குக் கேட்டன. கிர்க் இல்லை. டக் இல்லை.

வண்டி நின்றது. மூடி திறந்தது. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“சீட்டுல இல்ல இப்ப. டிக்கிலேருந்து வருது.”

சொல்லிவிட்டு டிக்கியின் மூலைகளைத் தடவ ஆரம்பித்தார். அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்னால், பின்னால், டிக்கி. எழுந்திருக்கத் தோன்றாமல், அசையவே தோன்றாமல், அப்படியே கிடந்தாள்.

அடுத்த நாள் வயிறு சரியில்லை என்று சொல்லி வண்டியில் ஏறவில்லை. அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். வாசலிலேயே நின்று அழுதார்.

“போயிடுச்சு. சுத்தமாப் போயிடுச்சு. வழுக்கிக்கிட்டுப் போகுது வண்டி.”

குளித்தார். மத்தியானம் முழுக்கத் தூங்கினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவவில்லை. துணி மடிக்கவில்லை. எழுந்தால் நடக்க வேண்டும்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தார்கள். பல நாளைக்குப் பிறகு அவர் ரசித்துச் சாப்பிட்டார். அவள் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

தலை சாய்ந்தது. ஒருபக்கமாக. லேசாக.

“இன்னொரு தடவ தண்ணி எடு.”

“வேணாம். தாகம் இல்ல.”

“எடேன்.”

எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது. கோபமில்லை, பயமில்லை. வருஷக்கணக்கில் தேடிய சாமான் பரண்மேல் கிடைத்தவர் மாதிரி ஒரு நிம்மதி. உள்ளே போய் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சில்லென்று ஒரு வட்டம் அவள் முதுகில் பதிந்தது.

“மூச்சு விடு.”

விட்டாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு.” வட்டம் நகர்ந்தது. விலாவுக்கு வந்தது. நின்றது. “இங்கதான் இருந்திருக்கு. பாவம், உனக்கே தெரியல.”

சாப்பாட்டுத் தட்டுகளை ஓரமாகத் தள்ளினார். மேஜைமேல் துணியை விரித்து ஆயுதங்களை வரிசையாக வைத்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து நுனியைச் சட்டையில் துடைத்தார்.

“வலிக்காது. கழட்டிப் பாத்துட்டு உடனே மாட்டிடலாம்.”

நாற்காலி விழுந்தது. ஓடினாள். குளியலறை. தாழ்ப்பாள்.

அவர் கதவைத் தட்டவில்லை. உடைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தது தெரிந்தது. கதவில் காதை வைத்திருப்பார். நிச்சயம் வைத்திருப்பார்.

சத்தம் போடக் கூடாது. ஈரச் சுவரில் சாய்ந்தாள். மூச்சை அடக்கினாள். குழாயில் சொட்டு இல்லை. தெருவில் வண்டி இல்லை. ஒன்றுமே இல்லை.

கிர்க்.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

டக்.

இடது விலாவுக்குக் கீழே. மூச்சு நின்றிருந்தது. அது நிற்கவில்லை. கையை ரவிக்கைக்குள் விட்டுத் தொட்டாள். தோலுக்கு அடியில் கெட்டியாக, வட்டமாக, மிளகளவு ஒன்று. விரல் நுனியை அதன்மேல் ஓட்டினாள். நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நேராக ஒரு பள்ளம்.

“அசையாத,” என்றார் கதவுக்கு அந்தப் பக்கம், மிக மெதுவாக, கெஞ்சுகிற குரலில். “நல்லாக் கழண்டிருக்கு. விழுந்துடப் போகுது.”

அவள் அசையவில்லை. விரலுக்கடியில் அது தானாக ஒரு சுற்று சுற்றி, தோலை உள்ளிருந்து வெளியே தள்ளியது. நின்றது. பிறகு இன்னொரு சுற்று.