மரநாக்குப் பயிற்சி

சென்னையில் நல்ல சாப்பாட்டை மலிவாகச் சாப்பிட ஒரே வழி, அது நன்றாக இருப்பது நாக்குக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். விருதுநகர் வெயிலுமுத்து மூன்று மாதமாக அதற்குத்தான் பயிற்சி எடுத்திருந்தார்.

நாமானி வந்த பிறகு ஓட்டல்களில் விலைப்பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. உட்கார்ந்ததும் அரிசி அளவிலான அந்தக் கருவியைக் கொடுப்பார்கள். நாக்குக்கு அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆள் எவ்வளவு ரசித்தார் என்று நரம்பைப் பிடித்துப் பார்த்து அது சொல்லிவிடும். ரசித்த அளவுக்குக் காசு. வாயில் வைக்க விளங்காததைப் போட்டவனுக்கு ஒரு பைசா கிடையாது. கண்டுபிடித்த விஞ்ஞானிக்குப் பொன்னாடை போர்த்தி, பசித்தவனுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று மேடை மேடையாகப் பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் அந்த விழா விருந்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வெயிலுமுத்து அப்படி முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகிறவர் அல்ல. கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்வார். சொந்தமாக ஒரு நாமானி வாங்கி ஒட்டிக்கொண்டு, மனைவி மாரீஸ்வரி வைத்த கறிக்குழம்பைத் தின்றபடியே மனத்துக்குள் சங்கத்தின் துணைவிதிகளை ஒப்பித்தார். நாமானி பூஜ்யம் காட்டியது.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல. நாக்கு அப்படியே மரம்!" என்றார் பெருமையாக.

"எங்கப்பா வீட்டு நாயாவது வாலை ஆட்டும்," என்று மாரீஸ்வரி தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பயிற்சிக்கு இப்போது பரீட்சை வந்திருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, மாப்பிள்ளையின் அப்பா தவமணியோடு சென்னைக்கு வந்திருந்தார். தவமணி தூத்துக்குடிக்காரர். நெத்திலி வறுபடும் வாசனைக்கே கண் கலங்குகிறவர். பெண் வீட்டார்தான் விருந்து வைக்க வேண்டும்; அதுவும் வடபழனி 'தளிர்வாழை'க்குக் குறைந்த இடமென்றால் மரியாதையில்லை. அங்கே தவமணி ஒரு வாய் ரசித்தால் வெயிலுமுத்துவின் பையிலிருந்து ஒரு பட்டுப்புடவை இறங்கும்.

அதற்கும் அவரிடம் திட்டம் இருந்தது. இலையில் மட்டன் சுக்கா விழுந்ததும் ஆரம்பித்தார்.

"நல்லா சாப்பிடுங்க சம்பந்தி. எனக்குப் போன வருசம் சிறுநீரகத்துல கல்லு எடுத்தாங்கள்ல, அதை உங்ககிட்ட முழுசாச் சொல்லவே இல்லையே?"

தவமணியின் கை பாதி வழியில் நின்றது. "இப்பவா சம்பந்தி?"

"அட, சும்மா கேளுங்க. முதல்ல ஒரு குழாய விட்டான் பாருங்க..."

விரால் மீன் குழம்பு வந்தபோது குழாய் பாதி தூரம் போயிருந்தது. ரசத்துக்கு வந்தபோது கதையில் டாக்டர், எடுத்த கல்லை ஒரு தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தவமணி கஷாயம் குடிப்பவர்போல ரசத்தைக் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, வெக்கப்படாதீங்க!" என்று வெயிலுமுத்து மனமார உபசரித்தார். சம்பந்தியின் முகம் வாட வாட அவருக்கு உள்ளுக்குள் தேன் சொட்டியது. இத்தனை பெரிய சென்னையை, இந்தக் குளுகுளு கூடத்தை, பொன்னாடை விஞ்ஞானியை, எல்லாரையும் ஒரே பந்தியில் ஏமாற்றிவிட்டோம்! அவர் நாக்கில் எது பட்டது, எது போனது என்றே தெரியவில்லை. மரம்.

கை கழுவியதும் இரண்டு நாமானிகளையும் கிண்ணத்தில் துப்பினார்கள். சுவரிலிருந்த பலகையில் எண்கள் வந்தன. தவமணி, நூற்றுக்கு நான்கு. வெயிலுமுத்து, தொண்ணூற்றெட்டு.

எங்கோ மணி அடித்தது. பரிமாறுகிறவர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். மேலாளர் ஓடிவந்து வணங்கினார். "கடை தொறந்ததுலேர்ந்து இந்த நம்பர் வந்ததில்ல சார்!"

வெயிலுமுத்து அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கருவி ரிப்பேர் தம்பி. எனக்கு ருசியே தெரியல. சத்தியமா."

"அது நாக்கப் பாக்காது சார். நாக்கு வழியா மனசப் பாக்கும். சாப்புடறப்போ சந்தோஷம் எதால வந்தாலும் ஏத்திடும்."

வீட்டில் பூஜ்யம் காட்டியதன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அங்கே ஏமாற்ற ஆளில்லை.

திரும்பிப் பார்த்தால் தவமணி பின்னாலேயே நின்றிருந்தார்.

"தொண்ணூத்தெட்டா?" என்றார். "எனக்குக் கல்லு, உங்களுக்குக் கறியா சம்பந்தி?"

எதை நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? ஒரே வழிதான் இருந்தது. "சாப்பாடு அப்படி, சம்பந்தி," என்றார் வெயிலுமுத்து தொண்டையைக் கனைத்து. "என்ன ருசி! என்ன கைப்பக்குவம்! என்னால அடக்க முடியல."

தவமணியின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் மனத்தில் எதையும் வைத்துக்கொள்கிறவர் அல்ல.

"அப்படின்னா எதுக்கு யோசனை? கல்யாணச் சமையலை இவங்ககிட்டயே விட்டுருவோம். உங்க நாக்குக்கே பிடிச்சுப்போச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"கல்யாணத்துக்கா..."

"எங்க பக்கமே ஆயிரம் பேர் வருவாங்க. எல்லாம் கடலுக்குப் போற பயலுவ. ஒருத்தனுக்கும் ஒழுங்கா நடிக்கத் தெரியாது, வஞ்சகமில்லாம ரசிச்சுத் தின்பான்." தவமணி அவர் தோளில் தட்டினார். "நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். பந்தியில யார் பக்கத்துலயும் உக்காந்து கல்லு கதை சொல்லப்படாது."

மேலாளர் ஆயிரம் இலைக்கு ஆயிரம் நாமானி என்று குறித்துக்கொண்டார். முன்பணம் வாங்கிக்கொண்டு, கடைச் செலவில் ஒரு பீடாவை வெள்ளித்தாள் சுற்றி நீட்டினார்.

வெயிலுமுத்து அதை வாயில் போட்டு மென்றார். வெற்றிலையா, சுற்றியிருந்த தாளா என்று தெரியவில்லை. மூன்று மாதப் பயிற்சி அப்போதுதான் பலித்திருந்தது.